எத்தனை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

பார்வை உள்ளவர்கள் ஒரு பட்டியலைப் படிப்பதற்கு முன்பே அளந்துவிடுகிறோம். ஐந்து வரியா, ஐம்பது வரியா, பக்கத்தின் அடிவரை ஓடுகிறதா, பாதியிலேயே நின்றுவிடுகிறதா என்பதெல்லாம் ஒரு நொடியில் கண்ணில் பட்டுவிடும். அதை வைத்துத்தான் நிதானமாகப் படிப்பதா, மேய்ந்துவிட்டுப் போவதா என்று முடிவு செய்கிறோம். ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்பவருக்கு இந்த வசதி கிடையாது. ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வரும், அதற்குப் பிறகு இன்னொன்று. எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதை யாராவது சொன்னால்தான் உண்டு.

அதைச் சொல்வதற்கென்றே ஹெச்டிஎம்எல்லில் ஏற்பாடு இருக்கிறது. புள்ளி வைத்த பட்டியலுக்கு யூஎல், எண்ணிட்ட பட்டியலுக்கு ஓஎல், இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு உருப்படிக்கும் எல்ஐ. இந்த டேக்குகளை ஒழுங்காகப் போட்டிருந்தால், ஸ்கிரீன் ரீடர் உள்ளே நுழையும்போதே 'பட்டியல், எட்டு உருப்படிகள்' என்ற பொருளில் அறிவித்துவிடும். வெளியே வந்ததும் பட்டியல் முடிந்தது தெரிந்துவிடும். பட்டிமன்றத்தில் 'மூன்றே மூன்று காரணங்கள் சொல்லி அமர்கிறேன்' என்று ஒருவர் ஆரம்பித்தால் நாம் விரலை மடக்கிக்கொண்டே கேட்போமே, அதே நிம்மதிதான். பேச்சாளர் இரண்டாவது காரணத்தோடு உட்கார்ந்துவிட்டால் நமக்குத் தெரியும், ஏதோ விட்டுப்போயிற்று என்று.

மதுரையில் இணையதளங்கள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். முடித்த பக்கங்களைக் கேட்டுப் பார்த்துக் குறை சொல்வதற்கு ஒரு தம்பி வருவார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் கேட்கும் வேகத்தில் ஸ்கிரீன் ரீடர் பேசினால் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவரோடு வேலை செய்ததில் பட்டியல் விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை உருவாகிவிட்டது. டேக் சரியா என்று பார்ப்பது இரண்டாவது வேலை. பட்டியல் வாயைத் திறந்ததும் சொல்லும் எண் உண்மையா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பத்தோடு முடிந்த தமிழ்நாடு

வேறு யாரோ கட்டிய தளம் ஒன்று திருத்தத்துக்காக எங்களிடம் வந்தது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் கிளை வைத்திருக்கும் ஓர் அமைப்பின் தளம். மாவட்ட அலுவலகங்களுக்கென்று ஒரு பக்கம். பார்க்க லட்சணமாக இருந்தது. நான்கு பத்தி, அகரவரிசையில் ஊர்ப்பெயர்கள், அளவான இடைவெளி. தம்பி சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"அண்ணே, கிருஷ்ணகிரியோட முடிஞ்சு போச்சு. எங்க மாவட்டத்துல ஆபீஸ் இல்லையா?"

குறியீட்டைத் திறந்து பார்த்ததும் புரிந்தது. நான்கு பத்தியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நான்கு தனித்தனிப் பட்டியல்களாக எழுதியிருந்தார்கள். முதல் மூன்றில் பத்துப் பத்து, கடைசியில் எட்டு. ஸ்கிரீன் ரீடர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது: பட்டியல், பத்து உருப்படிகள். அரியலூரில் தொடங்கி கிருஷ்ணகிரியில் முடிந்தது. கேட்டவர் மொத்தமே அவ்வளவுதான் என்று நினைத்ததில் தப்பே இல்லை. கோயம்புத்தூரில் தொடங்கும் அடுத்த பட்டியலைப் பார்வை உள்ளவர் முதல் பட்டியலின் தொடர்ச்சி என்று இடத்தை வைத்துப் புரிந்துகொள்வார். காதுக்கு இடம் ஏது?

திருத்தம் பெரிய வேலை இல்லை. நான்கையும் சேர்த்து ஒரே யூஎல். அதைப் பத்திகளாகப் பிரிப்பதை சிஎஸ்எஸ்ஸின் காலம்ஸ் என்ற பண்பிடம் விட்டுவிட்டோம். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது நுழைந்ததும் 38 என்று கேட்கிறது.

இதே இடத்தில் இன்னொரு பள்ளமும் உண்டு. கிரிட் போட்டுக் கட்டுபவர்கள், திரையில் பத்தி பத்தியாக அகரவரிசை தெரிய வேண்டும் என்பதற்காகக் குறியீட்டில் வரிசை வரிசையாகப் பெயரை மாற்றி எழுதிவிடுவார்கள். கண்ணுக்கு மேலிருந்து கீழே அழகாக ஓடும். காதில் அரியலூர், கோயம்புத்தூர், திருப்பத்தூர், நீலகிரி என்று விழும், அதற்கப்புறம் இராணிப்பேட்டை. எண்ணிக்கை சரி, வரிசை போயிற்று. அகரவரிசைப் பட்டியலில் தேடுபவர் வேலூரை நெருங்கிவிட்டோமா, தாண்டிவிட்டோமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே நகர்கிறார். அந்தக் கணக்கை நாம் கலைக்கக் கூடாது. குறியீட்டில் இருக்கும் வரிசைதான் காதுக்கான வரிசை. திரையில் எப்படி அடுக்குவது என்பது சிஎஸ்எஸ்ஸின் கவலை.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கீழே முகவரி, தொலைபேசி, 'வரைபடம்' என்று ஒரு இணைப்பு. இணைப்புகளை மட்டும் தாவித் தாவிக் கேட்பவருக்கு 'வரைபடம், வரைபடம், வரைபடம்' என்று 38 முறை. 'விருதுநகர் அலுவலக வரைபடம்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. திரையில் இடம் போதாது என்று வடிவமைப்பாளர் முறைத்தால், ஊர்ப்பெயரைக் கண்ணுக்கு மட்டும் மறைத்து ஸ்கிரீன் ரீடருக்கு விட்டுவைக்கும் சிஎஸ்எஸ் வகுப்பு பல கட்டமைப்புகளில் இருக்கிறது. உருப்படியின் முதல் சொல் ஊர்ப்பெயராக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன். ஐ விசையை அழுத்தி அடுத்தடுத்த உருப்படிக்குத் தாவுகிறவர் முதல் சொல்லைக் கேட்டதுமே 'இது இல்லை' என்று நகர்ந்துவிடுவார். முதல் சொல் 'முகவரி' என்றோ, ஏதோ ஒரு படத்தின் கோப்புப் பெயராகவோ இருந்தால் ஒவ்வொன்றிலும் காத்திருக்க வேண்டும்.

விசைகளைச் சொல்லிவிடுகிறேன், இவை தெரிந்தால்தான் மற்றது விளங்கும். விண்டோஸில் ஓடும் ஸ்கிரீன் ரீடர்களான என்விடிஏ, ஜாஸ் இரண்டிலும் எல் விசை அடுத்த பட்டியலுக்குக் கொண்டுபோகும், ஐ விசை அடுத்த உருப்படிக்கு. ஷிப்டோடு அழுத்தினால் பின்னோக்கி. என்விடிஏவில் காற்புள்ளியை அழுத்தினால் இருக்கும் பட்டியலைத் தாண்டி வெளியே போய்விடலாம். நீளமான மெனுவை இப்படித்தான் தாண்டுகிறார்கள். ஐபோனில் வாய்ஸ்ஓவரின் ரோட்டரைத் திருகி 'பட்டியல்கள்' என்பதில் நிறுத்தலாம். இத்தனை வசதியும் நாம் டேக் போட்டிருந்தால்தான் வேலை செய்யும்.

புள்ளி வைத்தால் பட்டியல் ஆகாது

சமையல் குறிப்புத் தளங்களுக்கு வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எழுதுகிறவர் குறிப்பை வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ அனுப்புவார். ஒவ்வொரு பொருளுக்கு முன்னும் ஒரு சிறு கோடு, அல்லது எங்கிருந்தோ நகலெடுத்த கறுப்புப் புள்ளி. பதிவேற்றுகிறவர் அதை அப்படியே ஒட்டிவிட்டு, வரி உடைய வேண்டிய இடத்தில் என்டரைத் தட்டிவிடுவார். திரையில் 'தேவையான பொருட்கள்' அச்சு அசலாகப் பட்டியல் போலவே இருக்கும். உண்மையில் அது ஒரே ஒரு பத்தி. எல் விசையை அழுத்தினால் பட்டியலே இல்லை என்று பதில் வரும். தொடர்ந்து படிக்க விட்டால், பொருளின் அளவு எந்தப் பெயரோடு சேர்ந்தது என்பதே குழம்பிவிடும். 'சுண்டைக்காய் வற்றல் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் கால் கப் புளி எலுமிச்சை அளவு.' கால் கப் நல்லெண்ணெயா, கால் கப் புளியா? சமைத்துப் பழகியவர் ஊகித்துவிடுவார். முதல்முறை வத்தக்குழம்பு வைக்கிறவர்?

தீர்வு பதிவேற்றுகிறவரின் கையில் இருக்கிறது, நிரலாளரின் கையில் இல்லை. எடிட்டரில் பட்டியலுக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தச் சொல்லிக் கொடுத்தால் போதும். நாங்கள் தளத்தை ஒப்படைக்கும்போது தரும் பயிற்சியில் இந்த ஒரு பொத்தானுக்குத் தனியாக நேரம் ஒதுக்குகிறோம். பொத்தானை அழுத்திய பிறகு பழைய கோட்டையும் புள்ளியையும் கையால் அழிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு புள்ளி நிற்கும்.

செய்முறைக்கு எண்ணிட்ட பட்டியல். இங்கேதான் படங்கள் தொல்லை கொடுக்கும். ஒரு படி, ஒரு படம், அடுத்த படி, அடுத்த படம் என்று பக்கம் நீளும். படத்தைப் படிகளுக்கு நடுவே பட்டியலுக்கு வெளியில் வைத்தால், எடிட்டர் ஓஎல்லை அங்கேயே முடித்துவிட்டுப் படத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றைத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு படியும் தனிப் பட்டியல்: 'பட்டியல், ஓர் உருப்படி, 1, வாணலியில் எண்ணெய் விட்டு...', மறுபடி 'பட்டியல், ஓர் உருப்படி, 1, புளிக்கரைசலை ஊற்றி...'. எல்லாமே முதல் படி! எண் தப்பாக வருகிறதே என்று சிலர் ஸ்டார்ட் என்ற பண்பைக் கொடுத்து 2, 3, 4 என்று ஆக்குவார்கள். கண்ணுக்குச் சரியாகிவிடும். காதுக்கு எண் சரி, ஆனால் 'ஓர் உருப்படி' என்ற அறிவிப்பு ஒவ்வொரு முறையும் வந்துகொண்டே இருக்கும். மொத்தம் எத்தனை படி என்பது கடைசிவரை தெரியாது. படத்தை அந்தந்தப் படியின் எல்ஐக்கு உள்ளேயே வைப்பதுதான் வழி. எல்ஐக்குள் பத்தி, படம், இன்னொரு பட்டியல் எது வேண்டுமானாலும் இருக்கலாம். யூஎல், ஓஎல் இரண்டுக்கும் நேர் கீழே மட்டும் எல்ஐயைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. விளம்பரத்துக்கு என்று நடுவில் ஒரு டிவ்வைச் செருகுகிறவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

உட்பட்டியலுக்கும் அதே விதிதான். 'மசாலா அரைக்க' என்ற உருப்படிக்குக் கீழே ஐந்து பொருள் என்றால், அந்த ஐந்தும் 'மசாலா அரைக்க' இருக்கும் எல்ஐ மூடுவதற்கு முன்பே வர வேண்டும். மூடிய பிறகு வந்தால் எந்தத் தலைக்குக் கீழ் எது என்ற உறவு அறுந்துவிடும்.

புள்ளியை எடுத்தால்

மெனு, கார்டுகள், பக்கத்தின் அடியில் வரும் இணைப்புகள் எதிலும் வடிவமைப்பாளர்களுக்குப் புள்ளி பிடிப்பதில்லை. சிஎஸ்எஸ்ஸில் லிஸ்ட்-ஸ்டைல் நன் என்று ஒரு வரி போட்டு எடுத்துவிடுவோம். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் இதைக் கண்டுகொள்வதில்லை. புள்ளி போனாலும் பட்டியல் பட்டியல்தான். சஃபாரி அப்படியில்லை. புள்ளியை எடுத்துவிட்டால் வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியல் என்று அறிவிப்பதையே விட்டுவிடும். எண்ணிக்கை போய்விடும், ரோட்டரில் தாவுவதும் போய்விடும்.

இது பிழை என்று முதலில் பலரும் கொதித்தார்கள். ஆப்பிள் தரப்பில் வேண்டுமென்றே செய்ததுதான் என்றார்கள். காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. நம் ஆட்கள் எதை எடுத்தாலும் யூஎல்லில் போட்டுக் கட்டுகிறார்கள், பார்ப்பவருக்குப் பட்டியலாகவே தெரியாததெல்லாம் கேட்பவருக்குப் 'பட்டியல், பட்டியல்' என்று ஓயாமல் அறிவிக்கப்படுகிறது, அந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் இது என்றார்கள். நான் இதில் பாதி ஆப்பிள் பக்கம். ஒரு செய்தித்தளத்தின் முகப்பில் தேதி, பகிர்வுப் பொத்தான், குறிச்சொல் என்று ஒவ்வொரு கார்டுக்குள்ளும் இரண்டு பட்டியல் இருந்தால் கேட்பவர் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிடுவார். ஆனால் மாவட்டப் பட்டியலுக்கும் பொருட்பட்டியலுக்கும் புள்ளி இல்லை என்பதற்காக எண்ணிக்கையைப் பறிப்பது அநியாயம்.

எண்ணிக்கை தேவை என்று நாம் நினைக்கும் பட்டியலில் மட்டும் யூஎல்லுக்கு ரோல் பண்பில் லிஸ்ட் என்று எழுதிவிட்டால் சஃபாரியும் ஒத்துக்கொள்ளும். யூஎல்லுக்கு மறுபடி 'நீ பட்டியல்' என்று சொல்வது தேவையற்றது என்று சில சரிபார்ப்புக் கருவிகள் முணுமுணுக்கும். கண்டுகொள்ள வேண்டாம். நாவ் என்ற டேக்குக்குள் இருக்கும் மெனுவுக்கு இது தேவைப்படாது, சஃபாரியே அங்கே விட்டுவைக்கிறது. எல்லாப் பட்டியலுக்கும் ஒரே வீச்சில் இதைப் போட்டுவிடும் நிரல் துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்பேன். எது பட்டியல், எது வெறும் அடுக்கு என்று ஒவ்வொன்றாக யோசிப்பதுதான் நம் வேலை.

புள்ளிக்குப் பதில் அலங்காரம் வைப்பவர்கள் இன்னொரு ரகம். பச்சை டிக், முக்கோணம், கையால் சுட்டும் எமோஜி. பிஃபோர் என்ற சிஎஸ்எஸ் கூறில் வைத்தாலும் ஸ்கிரீன் ரீடர் அதைப் படிக்கக்கூடும். முக்கோணத்துக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வரும், ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால். கன்டென்ட் மதிப்புக்குப் பின் சாய்கோடு இட்டு வெற்று மேற்கோள் கொடுத்தால் அந்தச் சின்னம் அலங்காரம் மட்டுமே என்று உலாவி எடுத்துக்கொள்ளும். இப்போதைய குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றும் இதை ஏற்கின்றன. ஆனால் டிக்கும் பெருக்கல் குறியும் 'உண்டு', 'இல்லை' என்று பொருள் சொல்கிற பட்டியலில் அதை மௌனமாக்கினால் பட்டியலே பொய்யாகிவிடும். அங்கே சொல்லாகவே எழுதுங்கள்.

பொய் சொல்லும் எண்கள்

டேக்கெல்லாம் சரியாக இருந்தும் எண் பொய்யாக வரும் இடங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த வேட்டைக்களம்.

முதலில் சுழலும் பட்டைகள், கரோசல் என்பார்கள். ஐந்து செய்திகள் முடிவில்லாமல் சுற்றுவதுபோலக் காட்ட, சில ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் முன்னும் பின்னும் நகல்களைச் செருகிவிடும். அந்த நகல்களை மறைக்காவிட்டால் ஐந்து செய்திக்குப் பதினைந்து உருப்படி என்று அறிவிப்பு வரும். கேட்பவர் ஆறாவதாக மறுபடி முதல் செய்தியைக் கேட்டுவிட்டு, பக்கம் கெட்டுப்போயிற்று என்றே நினைப்பார். என்னைக் கேட்டால் கரோசலையே எடுத்துவிட்டு ஐந்து செய்தியையும் கீழே கீழே அடுக்குங்கள் என்பேன். வாடிக்கையாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு கதை.

அடுத்தது மறைத்த மெனு. உள்மெனுவை ஒளித்து வைக்க ஒபாசிட்டியைப் பூஜ்யமாக்கினாலோ, திரைக்கு வெளியே தள்ளினாலோ கண்ணுக்குத்தான் மறைகிறது. 'சேவைகள்' என்பதற்குக் கீழே இருக்கும் பன்னிரண்டு இணைப்பும் காதுக்கு வரிசையாக வந்துகொண்டிருக்கும். டிஸ்ப்ளே நன் போட்டால் உண்மையாகவே மறையும், எண்ணிக்கையிலும் சேராது. திறப்பதற்கு ஒரு பொத்தான், அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைச் சொல்ல ஏரியா-எக்ஸ்பாண்டட். இவ்வளவு போதும். மெனு என்று தலைப்பிட்டிருப்பதால் ரோல் பண்பிலும் மெனு என்று எழுதிவிடாதீர்கள். அது கணினி மென்பொருளில் வரும் மெனுவுக்கானது. அம்புக்குறி விசைகள் வேறு மாதிரி வேலை செய்யும் என்று கேட்பவர் எதிர்பார்ப்பார். எல்ஐ மேலேயே ரோலில் பட்டன் என்று எழுதுவதும் இதே வகைச் சேட்டை. அது பொத்தானாக மாறியதும் பட்டியலுக்கு உருப்படியே இல்லாமல் போய்விடும். எல்ஐயை விட்டுவிட்டு அதற்குள் ஒரு பட்டனை வையுங்கள்.

வடிகட்டும் பட்டியல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த 38 மாவட்டப் பக்கத்தில் பிறகு ஒரு தேடல் பெட்டி சேர்த்தோம். 'திரு' என்று தட்டினால் திருச்சியிலிருந்து திருவாரூர் வரை ஏழு ஊர்கள் மட்டும் நிற்கும். பார்ப்பவருக்குப் பட்டியல் சுருங்குவது தெரியும். தட்டச்சுப் பெட்டியிலேயே இருப்பவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். ரோல் ஸ்டேட்டஸ் கொண்ட ஒரு சிறு இடத்தில் '7 மாவட்டங்கள்' என்று எழுத்து மாறினால் ஸ்கிரீன் ரீடர் அதைத் தானாகச் சொல்லும். அந்த இடம் பக்கம் திறக்கும்போதே காலியாக இருக்க வேண்டும். தேடிய பிறகு புதிதாக முளைத்தால் பல நேரம் அறிவிப்பு வராது. ஒவ்வொரு எழுத்துக்கும் சொல்லவிடாமல், தட்டுவது நின்ற பிறகு ஒருமுறை சொல்லும்படி சற்றுத் தாமதம் கொடுத்தோம். முதல் நாள் தாமதம் இல்லாமல் கேட்டபோது தம்பி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

'மேலும் காட்டு' பொத்தான் இருந்தால், அழுத்திய பின் கவனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதிதாக வந்ததில் முதல் உருப்படிக்குக் கொண்டுபோவது நல்லது. பக்கத்தின் உச்சிக்குத் தூக்கி எறியப்பட்டால் கேட்டவர் ஏற்கெனவே கேட்ட உருப்படிகளையெல்லாம் மறுபடி தாண்டி வர வேண்டும்.

பட்டியல் வேண்டாத இடங்களும் நிறைய. ஒரே ஒரு உருப்படி இருக்கும் பட்டியல் வெறும் சத்தம். பேருந்து நேரம், ஊர், கட்டணம் என்று மூன்று தகவல் சேர்ந்து வந்தால் அது அட்டவணை. டேபிளில் போட்டால்தான் எந்த நேரம் எந்த ஊருக்கு என்று தலைப்போடு கேட்கும். 'தொலைபேசி', 'வேலை நேரம்', 'விடுமுறை' போலப் பெயரும் மதிப்பும் ஜோடியாக வருவதற்கு டிஎல் என்ற டேக் இருக்கிறது. ஸ்கிரீன் ரீடருக்கு ஸ்கிரீன் ரீடர் அதைப் படிக்கும் விதம் மாறுகிறது, சிலது ஜோடியின் எண்ணிக்கையை வேறு மாதிரிக் கணக்கிடும். பொருள் சொல்வதில் அது சரியானதுதான், அதனால் பயன்படுத்துகிறேன். அறிவிக்கும் எண்ணை மட்டும் அதில் நம்புவதில்லை. உருப்படி ஒவ்வொன்றும் நான்கைந்து பத்தி நீளம் என்றால் உள்ளே ஒரு தலைப்பு டேக்கும் வையுங்கள். நீண்ட பக்கத்தில் தேடுவதற்குத் தலைப்பைத்தான் பலரும் முதலில் நாடுகிறார்கள் என்பது வெப்எய்ம் ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் பயனர் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வருவது.

அ, ஆ, இ

தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டுமே உரிய சில சங்கடங்கள் உண்டு. அரசாணைகளிலும் வினாத்தாள்களிலும் (அ), (ஆ), (இ), (ஈ) என்றுதான் உட்பிரிவு வரும். ஹெச்டிஎம்எல்லின் ஓஎல்லில் ஆங்கில எழுத்தும் ரோமன் எண்ணும் இயல்பாகக் கிடைக்கும். தமிழ் எழுத்து வரிசை கிடைக்காது. அதனால் கையால் தட்டிவிடுகிறார்கள், பட்டியல் மறுபடி பத்தியாகிவிடுகிறது. சிஎஸ்எஸ்ஸில் கவுன்டர்-ஸ்டைல் என்ற விதியை எழுதி அ, ஆ, இ, ஈ என்று நாமே வரிசையை வரையறுக்கலாம். புதிய உலாவிகள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. எங்கள் அலுவலகத்தில் இதை ஒருமுறை எழுதி வைத்ததுதான், அதன்பிறகு எல்லாத் தளத்துக்கும் அதையே எடுத்துக்கொள்கிறோம். தமிழ் எண்களுக்கு இந்த உழைப்பும் வேண்டாம், லிஸ்ட்-ஸ்டைலில் தமிழ் என்று கொடுத்தாலே ௧, ௨, ௩ வந்துவிடும். அழகுதான். ஆனால் கேட்பவரின் குரல்பொறி அந்த எழுத்தை எண்ணாகச் சொல்கிறதா, விழுங்கிவிடுகிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே போடுங்கள். தேர்வு விடைகள் தேர்ந்தெடுக்கும் பொத்தான்களாக இருந்தால் பட்டியலே வேண்டாம். ஃபீல்ட்செட்டும் லெஜண்டும் கேள்வியையும் விடைகளையும் சேர்த்துக் கட்டிவிடும், 'நான்கில் இரண்டாவது' என்ற எண்ணிக்கையை ரேடியோ பொத்தான்களே சொல்லும்.

இன்னொன்று, பக்கத்தின் மொழி. மேலே ஹெச்டிஎம்எல் டேக்கில் லேங் பண்பு ஆங்கிலம் என்று இருந்து உள்ளே தமிழ் இருந்தால், ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொள்ளும். அந்தக் குரல் தமிழைப் பிதற்றலாம், ஒன்றுமே சொல்லாமல் தாண்டவும் தாண்டலாம். பத்து உருப்படி என்று அறிவித்துவிட்டுப் பத்துமுறை மௌனம் காக்கும் பட்டியலைக் கேட்டிருக்கிறேன். வார்ப்புருவில் வந்த ஆங்கில லேங்கை மாற்றாமல் விட்டதுதான் காரணம். பட்டியலுக்குள் ஓரிரு உருப்படி வேறு மொழியில் இருந்தால் அந்த எல்ஐயில் மட்டும் அதன் மொழியைக் குறித்துவிடுங்கள்.

'இதெல்லாம் கட்டாயமா?' என்று கேட்கிற வாடிக்கையாளர்களுக்கு நான் நீட்டி முழக்குவதில்லை. டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய அணுகல் வழிகாட்டியில் 1.3.1 என்ற விதி, கண்ணுக்குத் தெரியும் அமைப்பு குறியீட்டிலும் இருக்க வேண்டும் என்கிறது. அது அடிப்படையான ஏ நிலையில் இருப்பது, 2008-ல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து உண்டு. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டினது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்தே தீர்ப்பளித்துவிட்டது. இவ்வளவு சொன்னால் பெரும்பாலும் அடுத்த கேள்வி செலவைப் பற்றித்தான் வரும். பட்டியல் விஷயத்தில் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

சோதித்துப் பார்க்கவும் காசு வேண்டாம். என்விடிஏ இலவசம். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும், உருவாக்கியது. முதல் பதிப்பு 2006-ல். தமிழ் பேசும் குரலும் அதனுடனேயே வருகிறது. கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும். பேச்சைப் பின்தொடர முடியாவிட்டால் அதிலேயே பேச்சுக் காட்டி என்று ஒரு சாளரம் இருக்கிறது, பேசுவதையெல்லாம் எழுத்தாகக் காட்டும். ஆக்ஸ், லைட்ஹவுஸ் போன்ற கருவிகளை ஓட்டினால் யூஎல்லுக்குள் டிவ் இருப்பது, பட்டியல் இல்லாமல் எல்ஐ அநாதையாக நிற்பது போன்றவற்றைப் பிடித்துக் கொடுக்கும். நான்காகப் பிளந்த 38-ஐ அவற்றால் பிடிக்க முடியாது. நான்கும் தனித்தனியாக ஒழுங்கான பட்டியல்கள்தானே!

அதனால் நாங்கள் செய்வது இது. என்விடிஏவின் திரைச்சீலை வசதியைப் போட்டு மானிட்டரைக் கறுப்பாக்கிவிட்டு, பக்கத்தின் உச்சியிலிருந்து எல் விசையை அழுத்திக்கொண்டே போவோம். ஒவ்வொரு பட்டியலும் சொல்லும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்வோம். முடிந்ததும் திரையைத் திறந்து அதே பட்டியல்களைக் கண்ணால் எண்ணுவோம். எந்த எண் ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்தின் குறியீட்டைத் திறந்து பார்ப்போம். கண்ணுக்குப் பட்டியலாகத் தெரிந்தும் தாளில் எண்ணே இல்லாதவற்றை அடுத்து எடுப்போம், பெரும்பாலும் அங்கே யாரோ கையால் புள்ளி வைத்திருப்பார்கள்.